ஆப்பிரிக்கா: முதலில் வந்தது அரசா, சுரங்கமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: "அவ்வளவு தங்கம், வைரம், எண்ணெய் எல்லாம் வைத்துக்கொண்டு ஏன் இப்படி இருக்கிறார்கள்?" கேட்பவரிடமே பதிலும் தயாராக இருக்கும். வெள்ளைக்காரன் சுரண்டினான் என்பார் ஒருவர். தலைவர்கள் திருடினார்கள் என்பார் இன்னொருவர். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நான் முதலில் தேடுவது வேறொரு விஷயத்தை. அந்த நாட்டில் அரசு அமைந்த பிறகு சுரங்கம் வந்ததா, அல்லது சுரங்கத்துக்காகவே அரசு அமைந்ததா? இதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தெளிவாகிவிடும்.

54 நாடுகளை 'ஆப்பிரிக்கா' என்று ஒரே மூட்டையாகக் கட்டலாமா?

கூடாதுதான். கெய்ரோக்காரருக்கும் கேப் டவுன்காரருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? அதனால் இங்கே பெரும்பாலும் இரண்டு நாடுகளையே பிடித்துக்கொள்கிறேன்: காங்கோ ஜனநாயகக் குடியரசு, போட்ஸ்வானா. நைஜீரியாவும் கானாவும் நடுவில் வந்து போகும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் அங்கே அரசு என்று ஏதாவது இருந்ததா?

நிறையவே இருந்தது. மாலிப் பேரரசர் மான்சா மூசா 1324-ல் மெக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால், அந்த ஊரில் தங்கத்தின் விலையே விழுந்தது. சாந்து பூசாமல் கல்லைக் கல்மேல் அடுக்கி எழுப்பிய கிரேட் ஜிம்பாப்வே மதில்கள் இன்றும் நிற்கின்றன. இதைக் கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது என்று நிறுவ காலனிக்காலத்தில் சிலர் படாத பாடு பட்டார்கள், நடக்கவில்லை.

காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தில் கொங்கோ என்ற அரசு இருந்தது. அதன் மன்னர் முதலாம் அஃபோன்சோ கிறிஸ்தவர், போர்ச்சுகீசிய மொழியில் கடிதம் எழுதுபவர். 1526-ல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் வியாபாரிகள் எங்கள் மக்களை, பிரபுக்களின் பிள்ளைகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நாடே காலியாகிறது என்று முறையிடுகிறார். பலன் இல்லை. அடிமை வியாபாரம் ஓய்வதற்குள் சுமார் 1.25 கோடிப் பேர் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள்; உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. இதில் ஆள்பிடித்து விற்ற ஆப்பிரிக்க அரசர்களுக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி வேண்டுமென்றால் ஆள் கொடுக்க வேண்டும், ஆள் பிடிக்கத் துப்பாக்கி வேண்டும் என்ற சுழல் அது.

பெர்லினில் மேசை போட்டு உட்கார்ந்து கோடு கிழித்துப் பங்கு போட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை ஜெர்மன் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் கூட்டிய மாநாட்டில் 14 நாடுகள் கலந்துகொண்டன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அங்கே கிழிக்கப்பட்ட கோடுகள் குறைவு. எந்தக் கடற்கரையில் யார் கொடி நட்டால் மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற ஆட்ட விதிகளைத்தான் முக்கியமாக முடிவு செய்தார்கள். கோடுகள் பிறகு, இருதரப்பு ஒப்பந்தங்களில் வந்தன. 1914 வாக்கில் தப்பித்து நின்றவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டும். எத்தியோப்பியா 1896-ல் அட்வா போரில் இத்தாலியை அடித்து விரட்டித்தான் தப்பித்தது.

கோடுகளின் லட்சணத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் கப்ரிவி முனை. நமீபியாவின் வரைபடத்தைப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். ஜாம்பெசி ஆற்றைப் பிடித்தால் படகிலேயே இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடலாம் என்று நினைத்த ஜெர்மனி, 1890-ல் பேரம் பேசி அந்தத் துண்டை வாங்கியது. ஆற்றில் கொஞ்ச தூரம் கீழே போனால் விக்டோரியா அருவி இருக்கிறது. நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழும் அருவி! படகு எங்கே போகும்? அந்த விரல் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

காங்கோவில் அப்படி என்னதான் நடந்தது?

பெல்ஜியம் என்ற நாட்டின் காலனியாகக்கூட காங்கோ தொடங்கவில்லை. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக, பட்டா நிலம் மாதிரி, 1885-ல் தொடங்கியது. பெயர் 'காங்கோ சுதந்திர அரசு'. பரப்பு பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேல். மனிதர் அந்த மண்ணை ஒரு முறைகூட மிதித்ததில்லை.

முதலில் யானைத் தந்தம். அப்புறம் 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிளும் காரும் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறியது. காங்கோ காட்டில் ரப்பர் கொடிகள் இயற்கையாகவே மண்டிக் கிடந்தன. நடவு, உரம், கூலி என்று எந்தச் செலவும் இல்லை. எடுத்து வர ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆள் எப்படி வருவான்? கிராமத்துப் பெண்களைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். இவ்வளவு கிலோ ரப்பர் வந்தால்தான் மனைவி வீடு திரும்புவாள்.

கொடியை வெட்டி, வடியும் பாலை ஆண்கள் தங்கள் கையிலும் மார்பிலும் பூசிக்கொள்வார்கள். உடம்புச் சூட்டில் அது உறையும். பிறகு தோலிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். ரோமமும் சேர்ந்து பிய்ந்து வரும். பக்கத்தில் இருக்கும் கொடிகள் தீர்ந்ததும் இன்னும் உள்ளே, இன்னும் நாட்கணக்கில் நடக்க வேண்டும். அளவு குறைந்தால் 'ஃபோர்ஸ் பப்ளிக்' என்ற படை ஊருக்குள் வரும். சிப்பாய்கள் தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கிவிடக் கூடாதே என்று, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கையை வெட்டிக் கணக்குக் காட்டச் சொன்னார்கள். மிருகத்தைச் சுட்டு வீணாக்கிய தோட்டாவுக்குக் கணக்கை நேர் செய்ய, உயிரோடு இருந்தவர்களின் கைகளும் போயின. 1904-ல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. என்சாலா என்ற தகப்பன் திண்ணை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் அவனுடைய சின்ன மகளின் கையும் காலும். அவன் அழவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எட்மண்ட் மோரல், கப்பல் கம்பெனி குமாஸ்தா. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கணக்குப் பார்த்தபோது ஒன்று இடித்தது. காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிரம்பி வழிகின்றன. திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும்தான் பெரும்பகுதி. வியாபாரம் என்றால் பதிலுக்குச் சரக்குப் போக வேண்டுமே? போகவில்லை என்றால் அங்கே நடப்பது வியாபாரம் இல்லை. ஒரு குமாஸ்தா பேரேட்டைப் பார்த்தே இதைப் பிடித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவரும் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்டும் இன்னும் பலரும் கிளப்பிய எதிர்ப்பில், 1908-ல் லியோபோல்ட் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. ஒரு கோடி வரை சொல்லும் மதிப்பீடுகள் உண்டு.

லியோபோல்டுக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

ஆசியாவில் ரப்பர் மரத்தை நட்டு வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பிரேசிலிலிருந்து 1876-ல் லண்டனுக்கு வந்த விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மரம் பால் தர ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் காட்டு ரப்பரில் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு லாபம். 1910-களில் தோட்ட ரப்பர் சந்தையைப் பிடித்துவிட்டது. அந்தத் தோட்டங்களில், முக்கியமாக மலாயாவில், விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய கூலிகள். காங்கோக்காரன் தோலில் உரிந்த ரப்பரின் இடத்தை நம் ஆட்கள் வெட்டிய ரப்பர் பிடித்தது என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு தொடர்பு.

ரயில், சாலை எல்லாம் போட்டுக் கொடுத்தார்களே, அது நன்மை இல்லையா?

போட்டார்கள். எங்கிருந்து எங்கே என்று பாருங்கள். காங்கோவின் முதல் ரயில் பாதை 1898-ல் முடிந்தது. அருவிகள் தடுக்கும் பகுதியைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டுச் சரக்கை மட்டாடி துறைமுகத்துக்குக் கொண்டுபோக. பழைய ஆப்பிரிக்க ரயில் வரைபடத்தில் பெரும்பாலான தடங்கள் இப்படித்தான், சுரங்கத்திலோ தோட்டத்திலோ தொடங்கி கடலில் போய் முடியும். பக்கத்து ஊரோடு பக்கத்து ஊரை இணைக்கும் தடம் அபூர்வம். வாய்க்கால் வெட்டியது உண்மை, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதுதான் விஷயம்.

சுதந்திரம் கிடைத்ததும் காங்கோ ஏன் உடனே சரிந்தது?

1960 ஜூன் 30. தலைநகரில் விழா. பெல்ஜிய மன்னர் போதுவாங் எழுந்து, லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசுகிறார். நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத பிரதமர் பத்ரீஸ் லுமும்பா எழுந்தார். வயது 34. முன்னாள் தபால் குமாஸ்தா, பீர் கம்பெனி விற்பனை ஆள். கறுப்பன் என்றால் 'நீ', மரியாதைக்குரிய 'நீங்கள்' வெள்ளையருக்கு மட்டும் என்று இருந்ததை நாங்கள் மறக்க மாட்டோம் என்று மன்னரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். பிரெஞ்சில் இருக்கும் இந்த வித்தியாசத்தைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சு நன்றாக இருந்தது. கையில் என்ன இருந்தது? ஒன்றரைக் கோடிப் பேர் இருந்த நாட்டில் பட்டதாரிகள் இருபது பேருக்கும் குறைவு. படையில் காங்கோ அதிகாரி ஒருவர்கூட இல்லை. எல்லா அதிகாரிகளும் வெள்ளையர். விழா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, படைத்தலைவர் ஜான்சென்ஸ் சிப்பாய்களைக் கூட்டி, 'சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ஜூலை 11-ல் செம்பும் கோபால்ட்டும் நிறைந்த கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்தது. பின்னணியில் பெல்ஜியப் படையும், அங்கே சுரங்கம் நடத்திய யூனியன் மினியேர் கம்பெனியும். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி இதே கட்டாங்காவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்துதான் போனது. இப்படிப்பட்ட இடத்தை யார் சும்மா விட்டுவிட்டுப் போவார்கள்?

லுமும்பா ஐ.நா.விடம் உதவி கேட்டார், கிடைத்தது போதவில்லை. சோவியத் யூனியனிடம் கேட்டார், அமெரிக்கா அவரை எதிரியாகப் பார்க்க அது போதுமானதாக இருந்தது. 1961 ஜனவரி 17 இரவு கட்டாங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதவியில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை.

பின்னால் ஆட்சிக்கு வந்த மொபுட்டு கொள்ளையடித்ததற்கும் வெள்ளைக்காரர் மேல்தான் பழியா?

கிடையாது. ராணுவத் தலைவராக இருந்து ஆட்சியைப் பிடித்த மொபுட்டுவுக்கு 1965-லிருந்து 1997 வரை, 32 வருஷம் இருந்தது. யூனியன் மினியேரை நாட்டுடைமையாக்கினார், நாட்டுக்கு ஜைர் என்று பெயர் மாற்றினார், வெளிநாட்டார் கடைகளைப் பறித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். சொந்த ஊர்ப் பக்கம் பதோலிதேயில், காட்டு நடுவே, கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டுக்கொண்டார். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்; இவர் தேன்கூட்டையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1993-ல் சிப்பாய்களுக்கு 50 லட்சம் ஜைர் நோட்டில் சம்பளம் கொடுத்தார்கள், கடைக்காரர்கள் அந்த நோட்டை வாங்க மறுத்தார்கள், சிப்பாய்கள் கடைகளைச் சூறையாடினார்கள். அரசியல் சாசனத்தில் பதினைந்தாவது பிரிவு மட்டும்தான் அமலில் இருக்கிறது, அதன் வாசகம் 'எப்படியாவது சமாளிச்சுக்கோ' என்பது காங்கோக்காரர்களின் நகைச்சுவை.

ஆனால் அவர் கண்டுபிடித்த இயந்திரம் இல்லை அது. கிராமத்தை மிரட்டிச் சரக்கை எடுப்பது, துறைமுகத்துக்கு அனுப்புவது, காசைத் தலைமையிடத்தில் குவிப்பது என்று லியோபோல்ட் அமைத்த அதே இயந்திரம். ஓட்டுநர் மாறினார். அமெரிக்காவும் பிரான்சும் பனிப்போர் முடியும்வரை எண்ணெய் ஊற்றின.

அப்படியானால் போட்ஸ்வானா எப்படித் தப்பித்தது?

ஒரு வகையில், அங்கே ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்ததால். கலஹாரிப் பாலை, மாடு, வறட்சி. பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தபோது, அதன் நிர்வாகத் தலைநகர் மாஃபெகிங் அந்த நாட்டுக்கு உள்ளேயே இல்லை. எல்லைக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவில் இருந்தது! ஆள்வதற்கு உள்ளே வரக்கூட அவர்களுக்கு ஆர்வமில்லை.

இன்னொரு வகையில், அங்கிருந்த தலைவர்கள் உஷாரானவர்கள். 1895-ல் தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸ் தன் கம்பெனிக்கு அந்த நிலத்தைக் கேட்டார். மூன்றாம் காமா, பத்தோயன், செபேலே என்ற மூன்று குலத் தலைவர்கள் கப்பலேறி இங்கிலாந்து போய், ஊர் ஊராகத் தேவாலயங்களில் பேசி ஆதரவு திரட்டி, காலனிகளுக்கான அமைச்சர் சேம்பர்லினைப் பார்த்தார்கள். வெறும் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. அந்த வருஷக் கடைசியில் ரோட்ஸின் ஆள் ஜேம்சன், போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசு மேல் படையெடுத்து அவமானப்பட்டதில் ரோட்ஸின் செல்வாக்கு சரிந்தது. நிலம் கம்பெனிக்குப் போகவில்லை.

அந்தக் காமாவின் பேரன் செரெட்சே காமா. லண்டனில் படித்தபோது 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். நிறவெறித் தென்னாப்பிரிக்கா முறைத்தது, பிரிட்டன் அவரைச் சொந்த ஊருக்குள் விடாமல் சில வருஷம் நாடு கடத்தி வைத்தது. தலைமைப் பட்டத்தைத் துறந்து 1956-ல்தான் திரும்பினார். 1966 செப்டம்பர் 30-ல் நாடு விடுதலையானபோது அவர் குடியரசுத் தலைவர். தார்ச்சாலை மொத்தம் 12 கிலோமீட்டர் என்று சொல்வது வழக்கம். பட்டதாரிகள் கணக்கில் காங்கோவைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம், 1967-ல், ஒராபாவில் வைரம் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு என்பதைக் கவனியுங்கள். ஒரு வருஷம் முந்திக் கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஒராபா இருப்பது செரெட்சேயின் சொந்தக் குலமான பாமாங்வாட்டோ நிலத்தில். 'எங்க ஊர் வைரம் எங்களுக்கே' என்று அவர் சொல்லியிருந்தால் கேட்க ஆளில்லை. கட்டாங்காவில் அதைத்தான் சொன்னார்கள். அவர் செய்தது நேர்மாறு. பூமிக்கடியில் இருக்கும் கனிமம் எந்தக் குலத்துக்கும் இல்லை, அரசுக்கே என்று அதே 1967-ல் சட்டம் வந்தது. வைரக் கம்பெனி டி பியர்ஸோடு சேர்ந்த சுரங்கத்தில் அரசுக்குத் தொடக்கத்தில் 15 சதவீதப் பங்குதான். 1970-களின் நடுவில் மறுபடி பேரம் பேசி அதை 50 ஆக்கினார்கள். உள்ளூர் ஆள் தயாராகும்வரை வெளிநாட்டு அதிகாரிகளை அவசரப்பட்டு அனுப்பவும் இல்லை.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வைரத்தோடு சம்பந்தமில்லாதது. 1976-ல் சொந்தப் பல்கலைக்கழகம் கட்டப் பணம் வேண்டியிருந்தது. 'ஆளுக்கொரு மாடு' என்று அரசு கேட்டது. மாடு வைத்திருந்தவர்கள் மாடு கொடுத்தார்கள், இல்லாதவர்கள் தானியமும் முட்டையும் கொடுத்தார்கள். மாடு ஓட்டி வரும் ஒருவரின் சிலை இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. தங்கள் மாட்டைக் கொடுத்துக் கட்டிய அரசிடம் கணக்குக் கேட்பது மக்களுக்கு இயல்பாக வரும். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் யாரும் தலைவரை எதிர்த்துப் பேசலாம் என்ற 'கொட்லா' வழக்கம் வேறு அங்கே பழையது.

அப்போ போட்ஸ்வானா சொர்க்கமா?

இல்லை. ஏற்றத்தாழ்வில் உலகின் மோசமான நாடுகளில் ஒன்று. சான் பழங்குடிகளைக் கலஹாரிக் காப்புக்காட்டிலிருந்து வெளியேற்றினார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் தவறு என்றது. ஏற்றுமதியில் பெரும்பகுதி இன்னும் வைரம்தான், இப்போது ஆய்வகத்தில் செய்த வைரம் வந்து அந்த விலையை அடிக்கிறது. (சூரத்தில் பட்டை தீட்டுபவர்களுக்கும் இதே தலைவலி.) 2024 தேர்தலில், 58 வருஷம் ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோற்ற தலைவர் தோல்வியை ஒப்புக்கொண்டு விலகினார். வைரத்தைவிட இது எனக்குப் பெரிய விஷயம்.

எண்ணெய் கிடைத்த நைஜீரியா எந்த வகை?

இரண்டுக்கும் நடுவில். ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது 1956-ல், சுதந்திரத்துக்கு நான்கு வருஷம் முன்பு. எண்ணெய்க் காசு வந்ததும் நாணய மதிப்பு ஏறும், இறக்குமதி மலிவாகும், உள்ளூர் விவசாயி விளைவித்ததை யாரும் வாங்க மாட்டார்கள். கானோ நகரில் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்த நிலக்கடலை மூட்டைகள் அப்படித்தான் காணாமல் போயின. அரசுக்கு வரி கட்ட மக்கள் தேவையில்லை, குழாய் போதும். வரி கட்டாதவனுக்கு அரசு பயப்படாது. நைஜர் டெல்டாவில் மண்ணும் மீனும் எண்ணெயில் நாசமானதை எதிர்த்த ஒகோனி மக்களின் குரலான கென் சாரோ-விவாவை 1995-ல் அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துகொண்டே பெட்ரோலை இறக்குமதி செய்து, பங்க் வாசலில் வரிசையில் நின்ற நாடு அது, பல பத்தாண்டுகளாக.

கானாவில் சுரங்கத்தைவிட கோகோதானே முக்கியம்? அதில் என்ன பிரச்சினை?

கோகோ சிறு விவசாயிகள் கையில் இருந்தது, அது நல்ல தொடக்கம். ஆனால் பிரிட்டிஷார் 1947-ல் ஒரு கொள்முதல் வாரியத்தை வைத்துவிட்டுப் போனார்கள். விவசாயி அதற்குத்தான் விற்க வேண்டும். உலக விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் வாரியத்துக்கு. 1957-ல் விடுதலை வாங்கித் தந்த குவாமே என்க்ருமா அந்த வாரியத்தைக் கலைக்கவில்லை. அதிலிருந்து வந்த காசு பள்ளிக்கூடங்களுக்கும் பெரிய பெரிய திட்டங்களுக்கும் போனது. நல்ல நோக்கம்தான். 1960-களில் கோகோ விலை விழுந்தபோது விவசாயியும் கைவிட்டான், கஜானாவும் கைவிட்டது. 1966-ல் அவர் வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. என்க்ருமா கட்டிய அகோசொம்போ அணை மின்சாரத்தில் ஓடிய அலுமினிய ஆலை, கானாவிலேயே பாக்சைட் இருக்க, மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. ஒப்பந்தம் அப்படி.

இந்தியாவும் காலனிதானே? நாம் எழுந்து நிற்கவில்லையா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் பெருமிதம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே வருஷத்தை எடுத்துக்கொள்வோம், 1885. லியோபோல்டின் காங்கோ பிறந்த வருஷம். அதே டிசம்பரில் பம்பாயில் இந்தியத் தேசியக் காங்கிரஸ் கூடியது. அப்போதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 28 வயது. வக்கீல்கள், பத்திரிகைகள், மில் முதலாளிகள் எல்லாம் இருந்தார்கள். அவ்வளவு இருந்தும் 1943 வங்கப் பஞ்சமும் பிரிவினையும் நம்மை விடவில்லை. காங்கோவில் 1950-கள் வரை மேலே சொன்னவற்றில் அநேகமாக எதுவும் முளைக்க விடப்படவில்லை. ஓட்டப்பந்தயத்தில் எங்கிருந்து ஓடினார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் ஒப்பிடுவது நியாயமில்லை.

எல்லைகளை இப்போது மாற்றி வரைந்தால் என்ன?

1964-லேயே கெய்ரோவில் கூடி, இருக்கும் எல்லையே இருக்கட்டும் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். தொட்டால் எல்லா இடத்திலும் சண்டை வரும் என்ற பயம். எரித்ரியாவும் தென் சூடானும் மட்டுமே பிறகு பிரிந்தன. தென் சூடானைப் பார்த்தால் அந்தப் பயம் வீண் என்று சொல்லத் தோன்றவில்லை.

இப்போது சீனாதான் புது எஜமானனா? நம் போனில் காங்கோ இருக்கிறதா?

போனில் இருக்கிறது. போன் பேட்டரியில் சேரும் கோபால்ட்டில், உலக அளவில் சுமார் 70 சதவீதம் காங்கோ மண்ணிலிருந்து வருகிறது, பெரிய சுரங்கங்களில் பலவற்றில் சீனக் கம்பெனிகள். 2008-ல் போட்ட ஒப்பந்தம் ஒன்றில், தாதுவுக்குப் பதில் சாலையும் மருத்துவமனையும் கட்டித் தருவதாகப் பேச்சு. மோரல் ஆன்ட்வெர்ப்பில் பார்த்த கப்பலைவிட இது மேல், பதிலுக்கு ஏதோ போகிறது. போதுமான அளவு போகிறதா என்று காங்கோக்காரர்களே கேட்டு, பின்னால் மறுபேரம் நடத்தினார்கள். ஆனால் கோபால்ட் சுரங்க நகரமான கோல்வேசியில் கையால் குழி தோண்டி மூட்டை சுமப்பவனிடம் எஜமானன் சீனனா பெல்ஜியனா என்று கேட்டால், மூட்டைக்கு என்ன விலை என்றுதான் திருப்பிக் கேட்பான். கிழக்கே, போன் பாகங்களுக்கு வேண்டிய கோல்டான் தாது இருக்கும் பக்கம் இன்னும் மோசம். 2025 ஜனவரியில் எம்23 என்ற ஆயுதக் குழு கோமா நகரத்தையே பிடித்தது.

நூறு வருஷப் பழங்கதை. இன்னும் எதற்கு இதையே பேச வேண்டும்?

லுமும்பாவைச் சுட்டபின், கல்லறை இருந்தால் கூட்டம் கூடும் என்று உடலைத் தோண்டியெடுத்து, வெட்டி, அமிலத்தில் கரைத்தார்கள். செய்தவர்களில் ஒருவரான பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஞாபகத்துக்குப் பல்லை எடுத்து வைத்துக்கொண்டார். அது பெல்ஜியத்தில் ஒரு வீட்டில் கிடந்து, 2016-ல் பறிமுதலாகி, 2022 ஜூன் 20-ல்தான் பிரஸ்ஸல்ஸில் அவருடைய பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டது. ஒரே ஒரு பல். அதைச் சவப்பெட்டியில் வைத்து, மேலே கொடி போர்த்தி, விமானத்தில் காங்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பிறந்த ஒனாலுவா கிராமத்துக்கும், கிசங்கானிக்கும், கொல்லப்பட்ட கட்டாங்கா மண்ணுக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோய், ஜூன் 30 அன்று, சுதந்திர தினத்தில், கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.